உப்புநீர்த் தொட்டிக்குள் எத்தனை வோல்ற்?

கடல்மீன் வளர்க்கும் வீட்டுக்கு வயரிங் பார்க்கப் போகும் மின்வேலைக்காரரிடம் என்றோ ஒருநாள் இந்தக் கேள்வி வந்துசேரும். "அண்ணை, மீற்றரைத் தொட்டித் தண்ணிக்குள்ள வைச்சா நாப்பது வோல்ற் காட்டுது. லைற்றை நிப்பாட்டினா இறங்குது. ஆனா மீன் எல்லாம் ஓடித்திரியுது, கை வைச்சாலும் ஒண்டும் தெரியேல்லை. தண்ணிக்குள்ள கறண்ட் நிக்குதோ இல்லையோ?"

நல்ல கேள்வி. மீற்றர் காட்டுவது உண்மை, மீன் நலமாக நீந்துவதும் உண்மை. இவை இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி நடக்கின்றன என்று தெரியாமல் "பயமில்லை, விடு" என்று சொல்லிவிட்டுப் போவதுதான் ஆபத்து. இதே நாற்பது வோல்ற் பக்கத்து வீட்டுத் தொட்டியில், உறை வெடித்த மோட்டரில் இருந்து வந்ததாக இருக்கலாம்.

வற்றாப்பளையில் உப்புநீரும் விளக்கும் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கண்ணகி அம்மன் கோயில். வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கேற்றி, பின்னர் வற்றாப்பளைக்குக் கொண்டுவரும் வழக்கத்தை ஊர் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகிறது. அது நம்பிக்கையின் இடம். இங்கே பேசப்போவது வீட்டு விறாந்தையில் 230 வோல்ற்றில் எரியும் விளக்கையும், அதற்கு ஒரு சாண் கீழே கிடக்கும் கடல்நீரையும் பற்றி. நந்திக்கடல் நீரேரி பக்கத்திலும் பெருங்கடல் அதற்கு அப்பாலும் இருக்கும் ஊரில் கடல்நீருக்கு அலைய வேண்டியதில்லை, கலனில் அள்ளிவரலாம். கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருப்பவர்தான் உப்புக் கலவை வாங்கிக் கரைக்க வேண்டும்.

கடல் தொட்டிக்கு ஏன் அவ்வளவு வெளிச்சம்? பவளங்களின் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளியில் உணவு தயாரித்துப் பவளத்துக்கும் பங்கு கொடுக்கின்றன. ஆழமற்ற வெப்பக்கடலின் வெயிலை வீட்டுக்குள் உண்டாக்கினால்தான் அந்தப் பாசி பிழைக்கும். இலங்கையில் கடலில் இருந்து பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம். வெளிநாடுகளில் பண்ணையில் பெருக்கிய பவளத் துண்டுகளை வாங்கி வளர்க்கிறார்கள். அவர்களுக்காக உருவான விளக்குகளே இப்போது மீன் மட்டும் வளர்ப்பவர்களின் தொட்டிகளுக்கும் வந்துவிட்டன. முன்பு 250, 400 வாற் உலோக ஹேலைட் விளக்குகள் தொங்கின. பிறகு மெல்லிய ரியூப்கள் வந்தன. இப்போது 450 நானோமீற்றர் அளவில் நீலம் பொழியும் எல்.ஈ.டி பட்டிகள். ஒளி தண்ணீருக்குள் வேகமாக மங்குவதால் விளக்கை நீர்மட்டத்துக்குக் கிட்டத்தான் வைப்பார்கள். தெறிக்கும் உப்புத்துளி எட்டும் தூரம் அது.

இனி அந்த நாற்பது வோல்ற்றுக்கு வருவோம்.

மின்னழுத்தம் என்பது ஓரிடத்தில் தனியாக இருக்கும் பொருள் அல்ல. இரண்டு இடங்களுக்கு இடையிலான வேறுபாடு. மின்கம்பியில் காகம் இருக்கிறது. அதன் இரண்டு கால்களும் ஒரே கம்பியில், ஒரே அழுத்தத்தில் இருப்பதால் காகத்தின் ஊடாக ஓட மின்சாரத்துக்கு வேலை இல்லை. கண்ணாடித் தொட்டிக்குள் உயிர்க் கம்பி ஒன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் நிலைமை இதுவே. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. மரத்தாங்கியும் ஏறக்குறைய கடத்தாது. தொட்டியில் உள்ள நீர், கல், மீன் எல்லாம் சேர்ந்து ஒரே அழுத்தத்துக்கு உயர்ந்து நிற்கும். மீனின் தலைக்கும் வாலுக்கும் இடையில் வேறுபாடு இல்லை, அதனால் மீனுக்கு ஒன்றும் தெரியாது. சீமெந்து நிலத்தில் வெறுங்காலோடு நிற்கும் நீங்கள் அந்த நீருக்குள் கை விடும்போது நிலைமை மாறுகிறது. கை தொட்டியின் அழுத்தத்தில், கால் நிலத்தின் அழுத்தத்தில். வேறுபாடு முழுவதும் உங்கள் உடலின் ஊடாக இறங்கும். மீன் உயிரோடு இருப்பதை வைத்துத் தண்ணீர் பாதுகாப்பானது என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இந்தக் காரணம் ஒன்றே போதும்.

அப்படியென்றால் நாற்பது வோல்ற் காட்டும் தொட்டியில் கை வைத்தவருக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை?

இலக்க மீற்றர் ஒன்று தன் முனைகளுக்கு இடையில் ஏறத்தாழ 10 மெகா ஓம், அதாவது ஒரு கோடி ஓம் தடையை வைத்துக்கொண்டு அளக்கிறது. அளக்கப்படும் சுற்றைக் குழப்பக்கூடாது என்பதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். அதன் பக்கவிளைவாக, மிகச் சொற்பமான மின்னோட்டம்கூட அதில் பெரிய எண்ணாகத் தெரியும். ஓர் அம்பியரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோ அம்பியர். அவ்வளவு சின்ன ஓட்டம் 10 மெகா ஓமின் ஊடாகப் போனால் மீற்றர் 10 வோல்ற் என்று எழுதிக்காட்டும். நாற்பது வோல்ற்றுக்கு நான்கு மைக்ரோ அம்பியர் போதும்.

அந்த நான்கு மைக்ரோ அம்பியர் எங்கிருந்து வந்தது? எந்தக் கம்பியும் உடைந்திருக்கத் தேவையில்லை. இரண்டு கடத்திகளுக்கு நடுவில் கடத்தாத பொருள் ஒன்று இருந்தால் அது கொள்ளளவி ஆகிவிடும். மாறுதிசை மின்சாரம் கொள்ளளவியின் ஊடாகக் கொஞ்சம் கசிந்து போகும், ஏனென்றால் ஒரு பக்கத்தில் மின்னேற்றம் ஒரு செக்கனில் 50 தடவை ஏறி இறங்கும்போது மறுபக்கமும் அதோடு சேர்ந்து தள்ளப்படுகிறது. ரியூப் ஒரு கடத்தி, உப்புநீர் இன்னொரு கடத்தி, நடுவில் காற்று. நீருக்குள் கிடக்கும் மோட்டரில் செப்புச் சுற்று ஒரு கடத்தி, நீர் மற்றது, நடுவில் பிளாஸ்ரிக் உறை. எல்லாம் புதிதாக, கீறல் இல்லாமல், ஒழுங்காக இருந்தாலும் இந்தக் கசிவு இருந்தே தீரும். இதைத் தூண்டல் அழுத்தம் என்று சொல்லலாம். கம்பி உடைந்தோ காவல் பழுதாகியோ வருவதை மின்கசிவு என்கிறோம். மீற்றரில் இரண்டும் ஒரே மாதிரி வோல்ற்றாகத் தெரிவதில்தான் குழப்பம் எல்லாம்.

வீட்டுத் தண்ணீர்ப் பைப்பை நினைத்துப் பாருங்கள். தாங்கி மேலே நிரம்பியிருக்கிறது, வால்வு அடைபட்டு ஊசித்துளை அளவுக்குத்தான் வழி இருக்கிறது. பைப்பின் வாயை விரலால் அடைத்துப் பிடித்தால் சிறிது நேரத்தில் முழு அழுத்தமும் விரலில் தெரியும். விரலை எடுத்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், வாளி நிரம்பாது. மீற்றரின் பெரிய தடை அந்த விரல். உங்கள் உடல் திறந்த வாய்.

ஆகவே எது தூண்டல், எது கசிவு என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது: பைப்பைத் திறந்து பார்ப்பது. வேலை தெரிந்தவர்கள் தடை குறைந்த மீற்றரால் அளப்பார்கள், அல்லது மீற்றரின் இரு முனைகளுக்கும் குறுக்கே உடலின் தடைக்கு நிகரான ஆயிரம் ஓம் அளவில் ஒரு தடையைப் பூட்டி அளப்பார்கள். நான்கு மைக்ரோ அம்பியர் ஆயிரம் ஓமின் ஊடாகப் போனால் மிஞ்சுவது வெறும் 4 மில்லிவோல்ற். நாற்பதாக நின்ற எண் சுழியத்துக்கு விழுந்துவிடும். வெடித்த மோட்டரில் இருந்து வரும் அழுத்தம் அப்படி விழாது, மல்லுக்கு நிற்கும். இது வீட்டில் விளையாட்டாகச் செய்து பார்க்கும் வேலை அல்ல. உண்மைக் கசிவாக இருந்தால் அந்தச் சிறு தடை கையிலேயே எரிந்துபோகும்.

ரெஸ்ரரை நம்பலாமா என்று கேட்பீர்கள். அதற்குள் இருக்கும் நியோன் குமிழ் ஒளிர அறுபது, எழுபது வோல்ற்றாவது வேண்டும். ஓட்டம் மிகக் குறைவாக இருந்தாலும் ஒளிரும். எனவே ஆபத்தில்லாத தூண்டலிலும் அது மினுங்கலாம், முப்பது வோல்ற் உண்மைக் கசிவில் மினுங்காமலும் இருக்கலாம். உயிர்க் கம்பியைக் கண்டுபிடிக்க அது உதவும். தொட்டித் தண்ணீரைப் பற்றி அது சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

வோல்ற்றின் எண் ஆபத்தைச் சொல்லாது என்பதற்கு வன்னியில் ஒவ்வொருவரும் பார்த்த சான்று ஒன்று உண்டு. யானை வேலியில் ஓடுவது பல ஆயிரம் வோல்ற். தொட்டால் தூக்கிப் போடும், ஆனால் ஆளைக் கொல்வதற்காக அமைத்தது அல்ல. செக்கனுக்கு ஒரு தடவை அளவில், கண் இமைப்பதைவிட மிகக் குறுகிய நேரத்துக்கு மட்டும் அதில் மின்துடிப்பு வந்து போகிறது. வயலில் பன்றிக்கென்று வீட்டு மின்சாரத்தை நேரே கொழுவிக் கட்டும் கம்பியில் 230 வோல்ற்தான். அது பன்றியையும் கொல்கிறது, யானையையும் கொல்கிறது, அதிகாலையில் வயலுக்குப் போன மனிதரையும் கொல்கிறது. உடலின் ஊடாக எவ்வளவு ஓட்டம், எவ்வளவு நேரம், எந்த வழியாகப் போனது என்பவைதான் கணக்கு.

இந்தக் கணக்கு நமக்கு எப்படித் தெரிந்தது? கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த சார்ள்ஸ் டால்சியல், 1940களில் தொடங்கித் தன்னார்வலர்களை வைத்து இதை அளந்தார். 134 ஆண்களும் 28 பெண்களும் செப்புக் கம்பியைக் கையில் பிடித்தார்கள். ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எந்த இடத்தில் தசை இறுகிக் கையை விரிக்க முடியாமல் போகிறது என்று பார்த்தார்கள். கைகளை இலேசான உப்புநீரில் நனைத்து வைத்திருந்தார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்: தொட்டிக்குள் விட்டு எடுத்த கையும் அதே நிலையில்தான் இருக்கிறது. ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி அம்பியரிலும் பெண்களுக்கு 10.5 மில்லி அம்பியரிலும் பிடி விடுபடாமல் போனது. அரை மில்லி அம்பியர் அளவிலேயே மெல்லிய சுரசுரப்புத் தெரியத் தொடங்கும். ஐம்பது, நூறு மில்லி அம்பியர் சிறிது நேரம் மார்பைக் கடந்தால் இதயம் ஒழுங்கற்றுத் துடித்து நின்றுவிடலாம்.

நான்கு மைக்ரோ அம்பியர் என்பது அந்த முதற் சுரசுரப்புக்கும் நூறு மடங்குக்கு மேல் கீழே. கை வைத்தவருக்கு ஒன்றும் தெரியாமல் இருந்த காரணம் இதுதான். எல்.ஈ.டி விளக்கின் மின்வழங்கிப் பெட்டி இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கசியவிடும். அதற்குள் 230 வோல்ற் பக்கத்துக்கும் குறைந்த வோல்ற் பக்கத்துக்கும் இடையில், வானொலி இரைச்சலை அடக்குவதற்காகச் சிறு கொள்ளளவி ஒன்றை வேண்டுமென்றே வைக்கிறார்கள். அதன் ஊடாக மில்லி அம்பியரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு வரும். மடிக்கணினியின் உலோக மூடியை விரலால் மெதுவாகத் தடவும்போது தெரியும் நுண்ணிய அதிர்வும் இதே ஓட்டம்தான். கல்லில் உரசி விரலில் கீறல் விழுந்த நாளில் மட்டும் தொட்டிக்குள் கை வைத்தால் சுள்ளென்று இருக்கிறது என்பார்கள். தோலின் காய்ந்த மேற்படைதான் நம் உடலின் பெரிய தடை. கீறல் அதைத் திறந்துவிடுகிறது.

மலிவான எல்.ஈ.டி பட்டிகளில் ஒரு வகை இருக்கிறது, அதைப் பற்றித்தான் உண்மையில் கவலைப்பட வேண்டும். சாதாரணப் பெட்டியில் ஒரு மின்மாற்றி 230 வோல்ற்றையும் விளக்கையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறது. இந்த வகையில் அந்தப் பிரிப்பு இல்லை. விளக்குப் பட்டி முழுவதும் மின்கம்பியோடு நேரடித் தொடுப்பில் இருக்கும். பந்தலில் கட்டும் அலங்கார விளக்கு வடங்களில் பல இந்த ரகம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பெட்டியின் முகப்பில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சதுரம் அச்சிட்டிருக்கிறதா, வெளிவரும் அழுத்தம் 12, 24, 36 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எதுவும் எழுதாத பட்டி கோயில் வளைவுக்கும் நல்லதல்ல. கடல்நீருக்கு மேலே அதைத் தொங்கவிடவே கூடாது.

உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கிணற்று நீரைவிடக் கடல்நீர் பல பத்து மடங்கு, சில இடங்களில் நூறு மடங்கு நன்றாகக் கடத்தும். அதனால் உப்புநீர் எப்போதும் கூடிய ஆபத்து என்று நினைத்துவிடுகிறோம். நீந்தும் ஆளுக்கு இது தலைகீழாகிறது. நன்னீர் ஏரியில் படகுத்துறை மின்சாரம் கசிந்தால், நீரைவிட மனித உடல் நன்றாகக் கடத்துவதால் ஓட்டம் உடலைத் தேடி வருகிறது. அமெரிக்க ஏரிகளில் இப்படித் தசை செயலிழந்து மூழ்கி இறந்தவர்கள் உண்டு. கடலில் நீரே உடலைவிட நல்ல கடத்தி என்பதால் ஓட்டம் பெரும்பாலும் உடலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மின்சாரம் பாய்ச்சி வேட்டையாடும் மீன்களின் உடலிலேயே இந்தக் கணக்கைக் காணலாம். அமேசனின் நன்னீரில் வாழும் மின்விலாங்கு 600 வோல்ற்றுக்கு மேல் உண்டாக்கும், ஓட்டம் ஓர் அம்பியர் அளவில். கடலில் வாழும் மின்திருக்கைகளுக்கு அவ்வளவு வோல்ற் வேண்டியதில்லை. பல இனங்களுக்கு ஐம்பது வோல்ற் அளவே போதும், ஆனால் ஓட்டத்தைப் பல அம்பியருக்குக் கொண்டுபோகும். எந்த நீரில் வாழ்கிறதோ அந்த நீரின் கடத்துதிறனுக்கு ஏற்ப அதன் மின்னுறுப்பு அடுக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் தொட்டியில் நீங்கள் நீந்துவதில்லை. வெளியே நிலத்தில் நின்று கையை மட்டும் உள்ளே விடுகிறீர்கள். ஓட்டம் உங்களைச் சுற்றிப் போக அங்கே வழி இல்லை. நிலத்துக்கு இறங்கும் ஒரே வழி நீங்கள்தான். கை முழங்கை வரை உப்புநீரில் ஊறி, தோலின் தடையும் போய்விடுகிறது. உண்மைக் கசிவாக இருந்தால், ஆயிரம் ஓம் உடலில் 230 வோல்ற் 230 மில்லி அம்பியரை ஓட்டும்.

இதில் இருந்து உயிரைக் காப்பது ட்ரிப் சுவிச். பாடப்புத்தகம் இதை மீதி ஓட்டச் சுற்றுடைப்பான் என்கிறது. வீட்டுக்குள் வரும் உயிர்க் கம்பியும் வெளியே திரும்பும் நொதுமல் கம்பியும் ஓர் இரும்பு வளையத்தின் ஊடாகச் சேர்ந்து போகின்றன. போன ஓட்டம் முழுதும் திரும்பி வந்தால் இரண்டின் காந்த விளைவும் ஒன்றையொன்று அழித்து வளையம் சும்மா இருக்கும். போனதில் கொஞ்சம் உங்கள் உடல் வழியே நிலத்துக்கு இறங்கிவிட்டால் திரும்பி வருவது குறையும். அந்த மீதி வளையத்தில் காந்தமாகி, அதில் சுற்றிய மூன்றாவது கம்பியில் சிறு மின்சாரத்தைத் தூண்டி, பூட்டைத் தட்டிவிடும். வீட்டு ட்ரிப் சுவிச்சின் அளவு 30 மில்லி அம்பியர். அந்த அளவில் 300 மில்லி செக்கனுக்குள்ளும், அதன் ஐந்து மடங்கில் 40 மில்லி செக்கனுக்குள்ளும் விழ வேண்டும் என்பது தரவிதி. அதற்குள் உடல் ஓர் உதறல் உதறும், இதயம் தப்பும். கையின் பிடி விடுபடாத அளவை அளந்த அதே டால்சியல், 1960களின் தொடக்கத்தில் 5 மில்லி அம்பியரில் விழும் அமெரிக்க வகையை உருவாக்கினார்.

இலங்கையில் இந்தக் கருவி வெறும் கூடுதல் பாதுகாப்பு அல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வீடுகளின் புவிக் கம்பி மின்சார சபையின் நொதுமலோடு இணைவதில்லை. வீட்டு வளவில் அடித்த எர்த் கம்பியோடு நின்றுவிடுகிறது. வற்றாப்பளை போன்ற மணல் நிலத்தில், ஆடி, ஆவணி வறட்சியில், ஐந்தடிக் கம்பி ஒன்றின் தடை நூறு ஓமைத் தாண்டுவது சாதாரணம்; காய்ந்த மணலில் சில நூறு ஓமுக்குப் போகும். உயிர்க் கம்பி ஓர் உலோகப் பெட்டியைத் தொட்டுவிட்டது, எர்த்தும் ஒழுங்காகப் பூட்டியிருக்கிறது என்று வையுங்கள். 230ஐ 100ஆல் வகுத்தால் 2.3 அம்பியர். இருபது அம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அது விழாது. பெட்டி மணிக்கணக்காக, நாட்கணக்காக 230 வோல்ற்றை ஒட்டிய அழுத்தத்தில் தொடுபவருக்காகக் காத்திருக்கும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இருந்தால் இதே மோசமான எர்த் போதும். ஆயிரம் ஓமுக்கு மேலும்கூட அது விழுந்துவிடும். நம் மண்ணில் பிரேக்கரும் எர்த் கம்பியும் சேர்ந்து செய்ய முடியாத வேலையை அந்த ஒரு சுவிச் செய்கிறது.

அது அடிக்கடி விழுகிறது என்று அலுத்து, கம்பியை நேரே கொடுத்துவிடும் வழக்கம் ஊரில் இருக்கிறது. போர்க்காலத்தில் நெடுநாளாக வன்னியின் பெரும்பகுதிக்குப் பொது மின்சாரம் இருக்கவில்லை. ஜாம் போத்தல் விளக்கிலும், சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்ட வானொலியிலும் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2009க்குப் பின் மீளக்குடியேறிய வீடுகளுக்குக் கம்பி வந்தபோது எல்லாம் ஒரே மூச்சில் வந்தன: பிரிட்ஜ், மோட்டர், மல்ரி பிளக், மீன்தொட்டி. ட்ரிப் சுவிச் எதற்கு என்று ஆறுதலாகச் சொல்லித்தர யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஆத்திரப்படாமல் பாருங்கள்: இரவில் அது விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது. அந்தச் செய்தியைக் கொண்டுவந்த கருவியைக் கழற்றினால் கசிவு நிற்காது.

அதில் உள்ள ரெஸ்ற் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்வார்கள், நல்லது. ஆனால் பலர் அது எர்த்தையும் சோதிக்கிறது என்று நம்புகிறார்கள். பொத்தான் சுவிச்சுக்குள்ளேயே ஒரு சிறு தடை வழியாகப் பொய்க் கசிவை உண்டாக்குகிறது. பூட்டு வேலை செய்கிறதா என்பது தெரியும், அவ்வளவுதான். வளவில் உள்ள எர்த் கம்பி உக்கி அறுந்துபோயிருந்தாலும் பொத்தான் சரியாகவே விழும். எர்த்தை அதற்குரிய மீற்றரால் வறட்சிக் காலத்தில் அளக்க வேண்டும். பழைய ஆட்கள் கம்பியைக் கிணற்றடி வாழைப்பாத்திக்குப் பக்கத்தில் அடித்ததும், சுற்றிக் கரியும் உப்பும் போட்டுப் புதைத்ததும் காரணத்தோடுதான். ஈரமும் உப்பும் மண்ணின் தடையைக் குறைக்கும். ஆனால் உப்பு அந்தக் கம்பியையே அரிக்கவும் செய்யும், அதனால் சில வருடத்துக்கு ஒருமுறை தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

ட்ரிப் சுவிச் இருக்கும் வீட்டிலும் ஒரு பொறி மிஞ்சியிருக்கிறது. விளக்கு நழுவித் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. உயிர்க் கம்பி, நொதுமல் கம்பி இரண்டின் முனையும் உப்புநீரில். ஓட்டம் ஒன்றிலிருந்து மற்றதற்கு நீரின் ஊடாகப் போய்த் திரும்பிவிடுகிறது. கண்ணாடியும் மரமும் நிலத்துக்கு வழி விடவில்லை. வளையத்துக்குப் போனதும் வந்ததும் சமம். சுவிச் விழாது. விளக்கு விழுந்ததைப் பார்த்து ஓடிவருபவரின் கைதான் நிலத்துக்கு முதல் வழியாகிறது. சுவிச் அப்போது விழும், ஆனால் அந்த 30 மில்லி அம்பியரையும் உங்கள் உடல்தான் கொடுக்க வேண்டும்.

இதற்காகத்தான் சிலர் ரைற்றேனியம் முனை ஒன்றை நீரில் வைத்து எர்த்தோடு இணைக்கிறார்கள். செம்பு கூடாது, அது கரைந்து இறாலையும் பவளத்தையும் நஞ்சூட்டும், இரும்பு உக்கிவிடும். முனை இருந்தால் கசிவு தொடங்கிய கணத்திலேயே ஓட்டம் அதன் வழியே நிலத்துக்கு இறங்கும், யாரும் கை வைப்பதற்கு முன்பே சுவிச் விழும். தூண்டல் அழுத்தமும் சுழியத்துக்கு வந்துவிடும். ஆனால் ட்ரிப் சுவிச் இல்லாத வீட்டில் இந்த முனையை வைக்கக் கூடாது. நிறுத்த ஆளில்லாமல் கசிவு ஓட்டம் மோட்டரில் இருந்து முனைக்கு நீரின் ஊடாகத் தொடர்ந்து ஓடும். அதுவரை ஒரே அழுத்தத்தில் இருந்த தொட்டிக்குள் இப்போதுதான் மீனின் தலைக்கும் வாலுக்கும் வேறுபாடு உண்டாகிறது. பழுதான மோட்டர் பழுதாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

தொட்டியில் அலையும் இந்த அழுத்தம் மீனுக்கு நோய் தரும் என்ற பேச்சு நெடுநாளாக உண்டு. தலையிலும் பக்கக்கோட்டிலும் தோல் அரித்துக் குழிவிழும் நோய்க்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே வகைக் கடல்மீன்களைப் பிரித்து, சில பகுதிகளின் நீரை மட்டும் கரியின் ஊடாக வடிகட்டினார்கள். நோய் வந்தது கரி வைத்த பகுதிகளுக்குத்தான். மின்சாரம் மீனுக்கு ஒன்றும் செய்யாது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. சுறாவும் திருக்கையும் ஒரு வோல்ற்றின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த வேறுபாட்டைக்கூட உணரக்கூடியவை. ஆனால் சாதாரண மீனின் தோல் அரித்தால் மீற்றரைத் தேடுவதற்கு முன் வடிகட்டியைத் திறந்து பார்க்கலாம்.

கசிவு எங்கே தொடங்குகிறது என்று தேடினால் பெரும்பாலும் தொட்டிக்கு வெளியேதான். நீர்க்குமிழி வெடித்துத் தெறிக்கும் துளி விளிம்பில் காய்ந்து வெள்ளைப் பொருக்காகிறது. அந்தப் பொருக்கு ஈரத்தை உறிஞ்சி, தன் மேலேயே ஏறி, வயர் வழியாக விரற்கடை விரற்கடையாக முன்னேறும். ஒரு மாதம் துடைக்காத தொட்டியில் விளக்கின் வயரைத் தடவிப் பாருங்கள், உப்பு பிளக்குக்குப் பாதி தூரம் போயிருக்கும். சமையல் உப்பு காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீராகக் கசியும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது, அது 33 சதவீதத்திலேயே ஈரம் இழுக்கும். உப்பளங்களில் புது உப்பைக் குவித்து நாட்கணக்கில் வடியவிடுவது இதைக் கழிக்கத்தான். நந்திக்கடற் கரையின் இரவுக் காற்றில் ஈரப்பதன் 33க்குக் கீழே வருவதே இல்லை. சொக்கற்றுக்குள் ஏறிய கடலுப்பு எந்நேரமும் ஈரமாக, எந்நேரமும் கடத்திக்கொண்டிருக்கும். கரையோர மின்கம்பங்களில் மழை பெய்யாத ஈர இரவுகளில் கேட்கும் சீறலும் பீங்கானில் படிந்த இதே உப்பின் வேலைதான். வீட்டுச் சொக்கற்றில் அந்தச் சிறு ஓட்டம் பிளாஸ்ரிக்கைக் கருக்கி, கருகிய தடத்தில் இன்னும் கூடுதலாக ஓடி, கடைசியில் தீப்பிடிக்கும்.

எனவே மல்ரி பிளக் தொட்டிக்குக் கீழே தரையில் கிடக்கக் கூடாது. பக்கச் சுவரில், நீர்மட்டத்துக்கு மேலே, தொட்டியில் இருந்து ஒரு முழமாவது தள்ளி இருக்க வேண்டும். ஒவ்வொரு வயரும் சொக்கற்றுக்குப் போகுமுன் அதைவிடக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏற வேண்டும். வயரில் வழிந்துவரும் துளி அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், மேலே ஏறாது. விளக்கைக் கண்ணாடி விளிம்பில் சும்மா வைக்காமல் கூரைச் சட்டத்தில் இருந்தோ சுவர்த் தாங்கியில் இருந்தோ இரண்டு இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு கட்டு அறுந்தாலும் நீருக்குள் விழாது. வயரையும் பிளக்கையும் கிழமைக்கு ஒருமுறை, பிளக்கைக் கழற்றிவிட்டு, நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் பூட்டுங்கள். காய்ந்த துணி உப்பை அகற்றாது, பரப்பும். தொட்டிக்குள் கை விடும்போதெல்லாம் விளக்கையும் மோட்டரையும் சுவிச்சில் நிறுத்தினால் போதாது, ஒற்றைமுனைச் சுவிச் நொதுமலைத் துண்டிக்காது. பிளக்கையே கழற்றுங்கள். விளக்கு உண்மையாகவே நீருக்குள் விழுந்துவிட்டால் தொட்டிக்குக் கிட்டப் போகாமல் முதலில் மெயின் சுவிச். அது எந்தச் சுவரில் இருக்கிறது, இருட்டில் எப்படிப் போவது என்று வீட்டில் உள்ள பத்து வயதுப் பிள்ளைக்கும் இன்றைக்கே காட்டிவையுங்கள்.